சிறிய கேம்பர்வேனில் இருவர்: ஸ்காட்லாந்துப் பயணத்துக்குச் சாமான்களை எப்படி அடுக்குவது?

வைகைக்கரையாள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் லெஸ்டரில் வசிக்கிறோம். சென்ற வசந்த காலத்தில் ஃபோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டர் டி5 வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கினோம். நீளம் குறைந்த வகை. முன்பு வைத்திருந்தவரே அதைக் கேம்பராக மாற்றி, மேலே தூக்கும் கூரையும் பொருத்தியிருந்தார். பின்னிருக்கையை முன்னே இழுத்துச் சாய்த்தால் இருவர் படுக்கும் கட்டில் ஆகிறது. வலப்பக்கச் சுவரை ஒட்டி இரட்டை அடுப்பு, கை கழுவும் தொட்டி, 12 வோல்ட் ஃபிரிட்ஜ், அதற்குப் பின்னால் ஒடுக்கமான ஒரு துணி அலமாரி ஆகியவை இருக்கின்றன. மொத்த வண்டியே ஏறத்தாழ 4.9 மீட்டர் நீளம்தான் என்பதால் ஊருக்குள் ஓட்டவும் நிறுத்தவும் சிரமமே இல்லை. அதற்காகத்தான் பெரிய மோட்டார்ஹோம் வேண்டாம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தோம்.

முதல் பயணங்களை வேண்டுமென்றே அருகிலேயே வைத்துக்கொண்டோம். பீக் டிஸ்ட்ரிக்டில் காஸில்டன், ஈடேல் பக்கம் வார இறுதிகளில் போனோம்; பிறகு நார்ஃபோக் கடற்கரையில் வெல்ஸ், க்ரோமர் பகுதிகளில் தங்கினோம். ஊர்கள் மனத்துக்கு மிகவும் பிடித்துப்போயின, வண்டியும் நன்றாக ஓடுகிறது. எங்களைக் களைக்க வைப்பது ஒன்றே ஒன்றுதான்: சாமான்களை இடம் மாற்றுவது. பகலில் எல்லாம் பின்னால் இருக்கிறது; இரவில் கட்டிலை விரிக்க அத்தனையும் முன்னிருக்கைகளுக்குப் போக வேண்டியிருக்கிறது; காலையில் மறுபடியும் பின்னுக்கு வர வேண்டியிருக்கிறது. நார்ஃபோக்கில் ஒரு மாலை மழை பிடித்துக்கொண்டது. என் கணவர் தூக்கிய பின்கதவின் அடியில் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்க, நான் உள்ளே முழங்காலிட்டு, போர்வை மூட்டைக்கு அடியில் போய்விட்ட டார்ச் விளக்கைக் கையால் துழாவிக்கொண்டிருந்தேன். வார இறுதிக்கு இதைத் தாங்கிக்கொள்ளலாம். இரண்டு வாரத்துக்கு முடியாது.

வரும் செப்டம்பரில் ஸ்காட்லாந்து செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். கிளென்கோ வழியாக ஸ்கை தீவு, அங்கிருந்து ஆப்பிள்கிராஸ், உல்லாபூல், டர்னஸ் சென்று, வடகரையைச் சுற்றி இன்வெர்னஸில் இறங்கித் திரும்புவது எண்ணம். இதற்காக அனுபவமுள்ளவர்களிடம் சிலவற்றைக் கேட்க விரும்புகிறேன். இவ்வளவு சிறிய வண்டியில் சாமான்களை எந்த முறையில் அடுக்கினால் இந்தத் தினசரி இடமாற்றம் குறையும்? இரவில் சூடாகச் சோறு சாப்பிட்டால்தான் எனக்குச் சாப்பிட்டது போல இருக்கும் என்பதால் ரைஸ் குக்கரை எடுத்துச் செல்ல விரும்புகிறேன். அது இடத்தையும் மின்சாரத்தையும் விழுங்கிவிடும், ரொட்டியும் சூப்பும் போதும் என்கிறார் என் கணவர். இதில் நடைமுறை எது? செப்டம்பர் மாதத்து வடக்குக் குளிருக்கும் மழைக்கும் துணிமணி எவ்வளவு வேண்டும்? விரிவாகப் பதில் எழுதுபவர்களுக்கு முன்கூட்டியே நன்றி.

நெடுஞ்சாலை எழுதியது:

வணக்கம் சகோதரி. நானும் என் மனைவியும் இதே அளவு வண்டியில் பல ஆண்டுகளாகப் பயணம் செய்துவருகிறோம். எனவே நீங்கள் சொல்லும் களைப்பு எனக்கு நன்றாகத் தெரிந்ததுதான். பெரும்பாலோர் இதை இடப் பற்றாக்குறை என்று எண்ணிக்கொண்டு கூரைப்பெட்டியும் மிதிவண்டித் தாங்கியும் வாங்கிப் பொருத்துகிறார்கள். சிறிய வண்டியில் இரண்டு பேருக்கு வேண்டியதை வைக்க இடம் இருக்கிறது. தொல்லை எங்கே வருகிறது என்றால், இரவில் மெத்தை விரியும் இடத்தில் பகலில் எதையாவது வைத்துவிடுவதில்தான் வருகிறது. அதனால் சாமான்களை உங்களுடையது, அவருடையது என்றோ, துணி, பாத்திரம், கருவி என்றோ பிரிக்காதீர்கள். ஒவ்வொரு பொருளும் நாளின் எந்த நேரத்தில் கைக்கு வேண்டும், அப்போது நீங்கள் வண்டிக்கு உள்ளே இருப்பீர்களா, வெளியே இருப்பீர்களா என்று பார்த்துப் பிரியுங்கள்.

இதை உங்கள் வண்டியை வைத்தே சொல்கிறேன். கட்டில் விரிந்த பிறகும் அதன் பின்பகுதிக்கு அடியில், பின்கதவைத் திறந்தால் எட்டக்கூடிய ஒரு குழிவான இடம் உங்கள் வண்டியில் இருக்க வேண்டும். அங்கே வெளியே நின்று பயன்படுத்தும் பொருள்கள் மட்டுமே இருக்கட்டும்: மடக்கு நாற்காலிகள், மின் இணைப்புக் கம்பி, சக்கரத்தின் கீழ் வைக்கும் சமன்கட்டைகள், தண்ணீர்க் கேன், சேறு படிந்த காலணி. அவற்றை எடுக்க மெத்தையைத் தொட வேண்டியதே இல்லை. அந்த இடத்துக்கு மேலே உள்ள மெத்தைத் துண்டின் மீது, பகல் முழுவதும் உங்கள் போர்வையும் தலையணையும் மடித்தபடியே இருக்கலாம். இரவில் அதை அங்கிருந்து முன்பக்கமாக இழுத்து விரித்தால் போதும். ஓட்டுநரின் பின்பார்வைக் கண்ணாடியை மறைக்காத உயரத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இருக்கைக்கு அடியில் இழுப்பறை இருந்தால் அரிசி, பருப்பு போன்ற உலர்பொருள்களும் அவசரக் கருவிகளும் அங்கே போகலாம்.

பெட்டிகளை இந்தப் பயணத்தோடு கைவிட்டுவிடுங்கள். கடினமான ஓடு கொண்ட பயணப்பெட்டி காலியாக இருந்தாலும் அதே இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும்; துணிப்பை ஒன்று சுருங்கும், வளையும், அலமாரியின் மூலைக்குள்ளும் நுழையும். ஆளுக்கு 40 லிட்டர் கொள்ளளவுள்ள மென்மையான பை ஒன்று என்று வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு பைகள் மட்டுமே இரவில் முன்னிருக்கைகளுக்குப் போகும் பொருள்களாக இருக்க வேண்டும். மூன்றாவது ஒரு பொருள் இரவில் இடம் மாற வேண்டிய நிலை வந்தால், அதற்கு வண்டியில் நிலையான இடம் தேடுங்கள். கிடைக்காவிட்டால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நாங்கள் இந்த ஒரு விதியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் எத்தனை மழை பெய்தாலும் வண்டியை விட்டு இறங்காமலே கட்டில் போட முடிகிறது.

படுத்த நிலையில் கை நீட்டினால் எட்ட வேண்டியவை தனி. டார்ச் விளக்கு, தண்ணீர்ப் புட்டி, மூக்குக்கண்ணாடி, மாத்திரை, ஒரு மேல்சட்டை, வண்டிச் சாவி ஆகியவற்றை ஜன்னலோரம் தொங்கும் ஒரு துணிப்பையில் போட்டுவிடுங்கள். அந்தப் பை பயணம் முழுவதும் அங்கேயே தொங்கட்டும். நீங்கள் எழுதியிருக்கும் டார்ச் விளக்கின் இடம் இதுதான்.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் சிறிய வண்டிக்காரர்கள் இதை அதிகம் கவனிப்பதில்லை. டி5 வண்டிகள் டி26, டி28, டி30, டி32 என்று பல தரங்களில் வந்தன. டி28 என்றால் ஆட்கள், சாமான், எரிபொருள் எல்லாம் சேர்த்து 2.8 டன்னுக்கு மேல் போகக் கூடாது என்று பொருள். கேம்பராக மாற்றியபோது ஏற்றிய அலமாரி, கட்டில், கூரை எல்லாமே அந்தக் கணக்கில்தான் சேரும். புறப்படுவதற்கு முன் முழுச் சாமானும் முழு டாங்க் டீசலும் இருவரும் அமர்ந்தபடி ஒரு பொது எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ என்பதால், ஓடும்போது 10 லிட்டர் மட்டும் வைத்துக்கொண்டு தங்கும் இடத்தில் நிரப்பிக்கொள்வது நல்லது. கனமானவை எல்லாம் தரையோடு, இரண்டு அச்சுகளுக்கும் நடுவே இருக்கட்டும். அலமாரியின் மேல்தட்டில் வைத்த குழம்புப் பாத்திரம், பலமாக பிரேக் போடும்போது பறந்து வந்து முன்னால் இருப்பவரின் பிடரியில் விழக்கூடும்.

இந்த அணுகுமுறை புதிதன்று. 1951-ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் ஃபோக்ஸ்வாகன் வேனுக்கென்று கேம்பிங் பாக்ஸ் என்ற பெயரில், வார நாள்களில் கழற்றி இறக்கிவைக்கக்கூடிய அலமாரித் தொகுதி ஒன்றைச் செய்து விற்றது. ஒரே இடம் பகலில் ஒன்றாகவும் இரவில் வேறொன்றாகவும் ஆக வேண்டும் என்ற தேவையை அவர்கள் எவ்வளவு தெளிவாகப் புரிந்துகொண்டிருந்தார்கள் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். புறப்படுவதற்கு முந்தைய வாரத்தில், உங்கள் வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்தி, இருட்டிய பிறகு, கதவுகளைத் திறக்காமல் உள்ளேயே இருவரும் கட்டில் போட்டுப் பாருங்கள். எது குறுக்கே நிற்கிறதோ அதுதான் இடம் மாற வேண்டிய பொருள்.

வடமராட்சியான் எழுதியது:

தங்கச்சிக்கு வணக்கம். நான் இன்வெர்னஸுக்கு அருகில் குடியிருப்பவன். நீங்கள் போகவிருக்கும் வீதிகளில் ஆண்டுதோறும் எங்கள் சிறிய வானில் போய் வருகிறோம். அடுக்கும் முறையைப் பற்றி முன்னவர் எழுதியதை அப்படியே ஏற்கிறேன். ஸ்கொட்லாந்து சார்ந்த விடயங்களை மட்டும் சேர்க்கிறேன்.

உடுப்பைப் பொறுத்தவரை எண்ணிக்கை முக்கியமன்று, அடுக்குகள்தான் முக்கியம். உடலோடு ஒட்டிய கம்பளி உள்ளாடை இரண்டு சோடி, அதன் மேல் ஃபிளீஸ் ஒன்று, அதன் மேல் உண்மையிலேயே தண்ணீர் புகாத மழைச்சட்டையும் மழைக்காற்சட்டையும் இருந்தால், செப்டெம்பரில் நீங்கள் எங்கும் நடமாடலாம். பருத்தி ஜீன்ஸை ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நனைந்தால் வானுக்குள் அது இரண்டு நாளானாலும் காயாது. வண்டியோடு இரவு தங்கும் முகாம்களில் சலவை இயந்திரமும் உலர்த்தியும் பெரும்பாலும் இருக்கும் என்பதால் இரண்டு வாரத்துக்கும் உடுப்புக் கட்ட வேண்டிய தேவை இல்லை. ஐந்து நாளுக்குப் போதுமானதைக் கொண்டுவந்து இடையில் துவைத்துக்கொள்ளலாம். கம்பளிக் காலுறைகளை மட்டும் தாராளமாகக் கட்டுங்கள்.

நனைந்த உடுப்பைவிடக் கூடுதலான ஈரம் உங்கள் மூச்சிலிருந்து வரும். இரண்டு பேர் ஓர் இரவில் மூச்சிலும் வியர்வையிலும் வெளிவிடும் நீர் அரை லீற்றர் அளவுக்கு வரும். அது குளிர்ந்த கண்ணாடியிலும் தகரத்திலும் படிந்து, விடிய மெத்தையின் ஓரத்தை நனைக்கும். ஆகவே கண்ணாடிகளுக்கு வெள்ளித்தாள் பூசிய மறைப்புகளைப் போட்டாலும், ஒரு ஜன்னலையாவது விரலளவு திறந்து வைத்துத்தான் உறங்க வேண்டும். குளிர்கிறது என்பதற்காகச் சமையல் அடுப்பை எரியவிட்டு உறங்குவது உயிருக்கு ஆபத்து. அடுப்பிலிருந்து வரக்கூடிய கார்பன் மொனொக்சைட் என்னும் நச்சு வாயுவுக்கு மணமே கிடையாது; அதற்கான எச்சரிக்கைக் கருவி விலை மலிவானது, கட்டாயம் பொருத்திக்கொள்ளுங்கள்.

திறந்து வைத்த ஜன்னல் வழியாக மிட்ஜ் என்னும் நுண்கொசு வரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். செப்டெம்பரில் அவற்றின் தொகை குறையத் தொடங்கும், ஆனால் மேற்குக் கரையில் காற்றில்லாத மாலையில் இன்னும் கூட்டமாக வரும். சாதாரண கொசுவலையின் கண்ணுக்குள் அவை நுழைந்துவிடும் என்பதால் மிட்ஜுக்கென்றே நெய்த நுண்வலை வேண்டும். சற்றுக் காற்று வீசினாலே அவற்றால் பறக்க முடியாது. அதனால் மரங்கள் சூழ்ந்த ஒதுக்குப்புறத்தைவிடக் காற்றடிக்கும் திறந்த இடத்தில் வானை நிறுத்துவதே நிம்மதி.

ஒருவழித்தட வீதிகளில் ஒதுங்குமிடங்கள் வரும். அவை எதிரே வருபவருக்கும் பின்னால் அவசரமாக வருபவருக்கும் வழிவிடத்தான். படம் பிடிக்கவோ தேநீர் போடவோ அங்கே நிறுத்தக் கூடாது. ஒதுங்குமிடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதற்குள் செல்லுங்கள், வலப்பக்கம் இருந்தால் உங்கள் பக்கத்திலேயே அதற்கு நேராக நின்று எதிரே வருபவரை அதற்குள் போகவிடுங்கள். அப்பிள்குறோஸுக்கு ஏறும் பியாலாக் நா பா கணவாய் 626 மீற்றர் உயரம். மிகப் பெரிய வாகனங்களும் கரவன்களும் ஏற வேண்டாம் என்று அடிவாரத்திலேயே பலகை இருக்கிறது. உங்கள் அளவு வான் போகலாம், ஆனால் மேகம் இறங்கியிருக்கும் நாளில் ஏறாதீர்கள். சீல்டெய்க் பக்கமாகக் கடற்கரை வீதி ஒன்று இருக்கிறது. அதுவும் ஒடுக்கமானதுதான், ஆனால் அந்தச் செங்குத்து இல்லை.

ஸ்கொட்லாந்தில் எங்கும் இரவு தங்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் தரும் அந்த உரிமை நடந்து போவோருக்கும் மிதிவண்டியில் போவோருக்கும் உரியது. மோட்டார் வாகனத்துக்கு இல்லை. லொக் லோமண்ட் தேசியப் பூங்காவின் சில ஏரிக்கரைகளில் மார்ச் முதல் செப்டெம்பர் முடியும் வரை முன்அனுமதியும் வேண்டும். வெள்ளி, சனி இரவுகளுக்கு முகாமை முன்கூட்டியே பதிந்துவிட்டு, மற்ற இரவுகளை வானிலையைப் பார்த்துத் தீர்மானிக்கலாம். கழிவு நீரையும் கழிவறைக் கசட்டையும் அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் மட்டும் கொட்டுங்கள். இந்தச் சிறிய ஊர்களின் மக்கள் விருந்தாளிகளை விரும்புபவர்கள். வீதியோரத்துப் பற்றைகளில் பலர் விட்டுச்செல்லும் கழிவுதான் அவர்களை மனம் கசக்க வைத்திருக்கிறது. நானும் அவர்களில் ஒருவனாக இதைக் கேட்டுக்கொள்கிறேன்.

உல்லாபூலுக்கு அப்பால், வடகரையில் தேர்சோ ஊர் வரும் வரை பெரிய கடை இல்லை. அரிசி, பருப்பு, கறித்தூள் எல்லாவற்றையும் லெஸ்டரிலேயே வாங்கி வாருங்கள். டீசல் பாதி குறைந்ததும் அடுத்த நிலையத்திலேயே நிரப்பிவிடுங்கள்.

மின்வினைஞர் எழுதியது:

ரைஸ் குக்கர் பற்றிய கேள்விக்கு மட்டும் என் பதில். முகாமில் நீங்கள் மின் இணைப்போடு கூடிய இடத்தை எடுத்தால், சிறிய ரைஸ் குக்கரைத் தயக்கமில்லாமல் பயன்படுத்தலாம். பல முகாம்களில் இணைப்பு 16 ஆம்பியர் அளவுக்கு இருக்கும், சில பழைய முகாம்களில் 10 ஆம்பியர், இன்னும் சிலவற்றில் 6 ஆம்பியர் மட்டுமே கிடைக்கும். 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் என்றால் 1,380 வாட். இரண்டு பேருக்கான ரைஸ் குக்கர் 300 முதல் 500 வாட்தான் எடுக்கும். வீட்டில் பயன்படுத்தும் மின்கெட்டில் 2,000 வாட்டுக்கு மேல் எடுக்கும். எனவே இணைப்பைத் துண்டிக்கப்போவது கெட்டில்தான். தண்ணீரை எரிவாயு அடுப்பில் கொதிக்கவையுங்கள், அல்லது 1,000 வாட்டுக்குக் குறைந்த பயணக் கெட்டிலை வாங்குங்கள்.

மின் இணைப்பு இல்லாத இரவில் நிலைமை வேறு. உங்கள் வண்டியில் 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி இருந்தால், அதன் ஆயுளைக் காக்கப் பாதியளவுக்கு மேல் இறக்கக் கூடாது. அதாவது கையில் இருப்பது 50 ஆம்பியர்-மணி. ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு 30 ஆம்பியர்-மணி அளவுக்கு எடுத்துக்கொள்ளும். இன்வெர்ட்டர் வழியாக 500 வாட் குக்கரை ஓட்டினால், இழப்பையும் சேர்த்து 45 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அரை மணி நேரத்தில் 23 ஆம்பியர்-மணி போய்விடும். சோறு வெந்துவிடும், விடிவதற்குள் ஃபிரிட்ஜ் நின்றுவிடும். லித்தியம் பேட்டரியாக இருந்தால் இந்தக் கணக்கு மாறும். ஆனாலும் இந்த ஒரு பயணத்துக்காக அதை மாற்றும் செலவைச் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து.

அடுக்களைப்பெண் எழுதியது:

மீனாட்சி ஊர்த் தங்கைக்கு வணக்கம். ரைஸ் குக்கரா, ரொட்டியா என்று இருவரும் வாதிடவே வேண்டாம். 2 லிட்டர் பிரஷர் குக்கர் ஒன்று இருந்தால் இரண்டு வாதமும் தீர்ந்துவிடும். மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும். அரிசியை அரை மணி ஊறவைத்துவிட்டு ஏற்றினால் எரிவாயு குறைவாகவே செலவாகும். இரண்டு விசில் விட்டு அடுப்பை அணைத்து, குக்கரை ஒரு தடித்த துண்டில் சுற்றி வைத்துவிடுங்கள். ஆவி தானாக அடங்குவதற்குள் மீதி வேக்காடும் நடந்துவிடும். சோறு, பருப்பு, குழம்பு எல்லாவற்றுக்கும் அதுவே பாத்திரம். பகலில் அதற்குள்ளேயே தம்ளர்களையும் மசாலா டப்பாவையும் துணி சுற்றி வைத்துவிட்டால் அது எந்த இடத்தையும் வீணாக்காது.

தாளிப்பை வண்டிக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். எண்ணெய்ப் புகை மெத்தையிலும் திரைச்சீலையிலும் ஏறிவிட்டால் பயணம் முடிந்து வெகுநாள் கழித்தும் போகாது. புளிக்காய்ச்சல், வத்தக்குழம்புத் தொக்கு, தக்காளித் தொக்கு ஆகியவற்றை வீட்டிலேயே நல்லெண்ணெய் தாராளமாக விட்டுச் சுண்டக் காய்ச்சி, அகலமான வாய் கொண்ட பிளாஸ்டிக் டப்பாக்களில் எடுத்துச் செல்லுங்கள். கண்ணாடிப் புட்டி அந்த மலைப்பாதைக்கு ஆகாது. பருப்புப்பொடி, இட்லிப்பொடி, வறுத்து உப்பும் கடுகும் சேர்த்து வைத்த ரவை ஆகியவை இருந்தால், காலையில் வெந்நீர் வைத்த நேரத்துக்குள் உப்புமா தயார். இட்லி மாவைக் கொண்டுபோக வேண்டாம். அந்தக் குளிரில் அது புளிக்காது, வீட்டிலேயே புளிக்கவைத்துக் கொண்டுபோனாலும் ஃபிரிட்ஜில் பாதி இடத்தை அதுவே பிடித்துக்கொள்ளும்.

ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். உள்ளே சமைக்கும்போதெல்லாம் கூரையைத் தூக்கி, தள்ளுகதவைப் பாதியாவது திறந்து வையுங்கள். தூக்கிய கூரையின் பக்கங்கள் துணி என்பதால், குக்கரின் விசில் ஆவி நேராக அதன் மீது படாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரையாள் எழுதியது:

இவ்வளவு அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. எல்லாவற்றையும் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். ரைஸ் குக்கரை விட்டுவிட்டுப் பிரஷர் குக்கரை எடுத்துச் செல்வதென்று இருவரும் ஒப்புக்கொண்டோம். வாசலில் கட்டில் போட்டுப் பார்க்கும் யோசனையையும் நேற்று மாலையே செய்து பார்த்தோம். இரண்டு துணிப்பைகள் முன்னிருக்கைக்குப் போன பிறகு, மடக்கு மேசை ஒன்றும் கையடக்கக் கழிவறைப் பெட்டி ஒன்றும்தான் எங்கு வைத்தாலும் குறுக்கே நிற்கின்றன. மேசையை விட்டுவிட முடியும். கழிவறைப் பெட்டி இல்லாமல் முகாமற்ற இடத்தில் இரவு தங்க எனக்கு மனம் வரவில்லை. அதற்கு இந்த அளவு வண்டியில் எங்கே இடம் கண்டுபிடிக்கிறீர்கள்?

நெடுஞ்சாலை எழுதியது:

சகோதரி, கழிவறைப் பெட்டியை விடாதீர்கள். வடக்கே இரவு முழுவதும் திறந்திருக்கும் பொதுக் கழிப்பறையைத் தேடி அலைவது யாருக்கும் நல்லதன்று. முதலில் அதன் உயரத்தை அளந்து பாருங்கள். 30 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும் சிறிய வகைகள் கிடைக்கின்றன. அப்படிப்பட்டது பயணி இருக்கைக்கும் உங்கள் கட்டிலின் முன்விளிம்புக்கும் நடுவே, தள்ளுகதவின் உட்புறம் நிற்கும். நாங்கள் அதற்கு மரத்தால் ஒரு மூடிப்பெட்டி செய்து மேலே சிறு மெத்தை போட்டிருக்கிறோம். பகலில் காலணி கழற்ற உட்காரும் முக்காலி அது, இரவில் இறங்கும் படி அது. அதன் இடம் பகலுக்கும் இரவுக்கும் மாறுவதே இல்லை. வண்டி ஓடும்போது புரளாமல் இருக்கத் தரையில் உள்ள இருக்கை வளையத்தோடு ஒரு பட்டையால் இழுத்துக் கட்டிவிடுங்கள். கழிவுத் தொட்டியை முழுவதும் நிரம்பவிடாமல், கொட்டும் வசதி உள்ள ஒவ்வொரு முகாமிலும் காலையிலேயே காலி செய்துவிடுங்கள்.

மேசைக்குப் பதில், கழுவும் தொட்டியின் மேல் மூடியாக அமரும் பலகை ஒன்று இருந்தால் இருவர் சாப்பிட அதுவே போதும். மல்லெய்க்கிலிருந்து ஆர்மடேல் வரை படகில் ஸ்கைக்குப் போவதாக இருந்தால், பதிவு செய்யும்போது வண்டியின் நீளத்தைக் கேட்பார்கள். பின்னால் எதையாவது பொருத்தியிருந்தால் அதையும் சேர்த்து அளந்து சொல்லுங்கள். கைல் ஆஃப் லொகல்ஷ் வழியாகப் பாலத்தில் போனால் அந்த வேலையும் இல்லை, கட்டணமும் இல்லை. கூரை மூடிய நிலையில் வண்டியின் உயரத்தையும் அளந்து, ஓட்டுநரின் வெயில்மறைப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள். வாகன நிறுத்துமிடங்களின் வாசலில் 2 மீட்டர் உயரத்தில் குறுக்குக் கம்பி இருக்கக்கூடும். தூக்கும் கூரை பொருத்திய உங்கள் வண்டி அதற்குள் நுழையாமலும் போகலாம்.